நடுப்பக்கம்

பல் டாக்டர் வீட்டு முன்னறையில் தொடங்கியது இது.
மேலட்டை போன வார இதழ்கள்,
உள்ளே யாருக்கோ துளை போடும் சத்தம்.
தொடர்கதையை விட்டுவிட்டு
ஓரத்து வெள்ளையைக் கட்டைவிரலால் அளந்துகொண்டிருந்தேன்.
உள்பக்கம் ஒரு விரல், வெளிப்பக்கம் ஒன்றரை.
ஏன் என்று கேட்க அங்கே ஆளில்லை.
கடைவாய்ப்பல் போயிற்று. கேள்வி போகவில்லை.

இப்போது கோத்தகிரியில்
பேக்கரிக்கு மேலே ஒற்றை அறை,
வர்க்கி வேகும் வாசனையில்
மூன்று மாதத்துக்கு ஒருமுறை முப்பத்திரண்டு பக்கம் கட்டுகிறேன்.
எழுத்து பத்தரைப் புள்ளி, வரிக்கு வரி பதினாறு.
அதற்குக் குறைந்தால்
மேல்வரி 'ழு'வின் வால்
கீழ்வரி 'கி'யின் மேல்விலங்கில் மாட்டிக்கொள்ளும்.
பத்தி முடிவில் 'கள்' மட்டும்
தனியாக ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நின்றால்
அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.
ஆசிரியர் போஜராஜன் இதை வியாதி என்பார்.
"படிக்க முடியுதில்ல? அனுப்பு."

ஜூலை இதழுக்குச் செல்லக்கனியின் கவிதை வந்தது.
கொழுந்து எடுப்பவர்.
ரசீதின் பின்புறம் பென்சிலில் எழுதி
போனில் படம் பிடித்து அனுப்பியிருந்தார்.
பதினோரு வரி. பத்தும் சொன்ன பேச்சைக் கேட்டன.
நான்காவது இது:

நூற்றிப்பதினேழு படியும் ஏறி எடைமேடையில் மூட்டையை இறக்கும்வரை என் பெயரை யாரும் கூப்பிட்டுவிடக் கூடாது

பாதி வரி பக்கத்துக்கு வெளியே நின்றது.
சுருக்கினேன், எறும்பு ஊர்ந்தது.
மடக்கினேன், 'இறக்கும்வரை'யில் முறிந்தது.
போன் போட்டேன். ரெண்டா மடக்கிக்கலாமா அக்கா?
அந்தப்பக்கம் எடை போடுகிற இரைச்சல்.
"மடக்கிக்கங்க. ஆனா மடக்குற எடத்துல
மூட்டையோட ஒக்காந்துட்டேன்னா
மறுபடி எந்திரிக்க முடியாது, பாத்துக்கங்க."

இதைக் கேட்ட பிறகு எப்படிக் கை வரும்.

எதிரெதிர்ப் பக்கங்களை ஒன்றாக விரித்தால் இடம் உண்டு.
ஆனால் மடிப்பு ஒரு சொல்லையாவது விழுங்காமல் விடாது.
விழுங்காத இடம் நடுப்பக்கம்,
பதினாறும் பதினேழும் ஒரே தாள்.
அதை ஒரு ரிசார்ட்காரர்
நீச்சல்குளத்தை நீட்டிப் படுக்கவைக்க
தை மாதமே முன்பணம் கட்டி வாங்கியிருந்தார்.

போஜராஜன் கத்தினார்.
கத்தி முடித்து, டீ குடித்து,
இருபது சதவீதம் தள்ளுபடி கொடுத்து
குளத்தைப் பதினெட்டு பத்தொன்பதுக்கு நகர்த்தினார்.
"இந்த ஒரு வாட்டிதான்."
போன வாட்டியும் இதையேதான் சொன்னார்.

அடுத்தது பின். மேல் பின்
நான்காவது வரியின் உயரத்தில்தான் விழும்.
'எடைமேடையில்' முடிந்து 'மூட்டையை' தொடங்கும் முன்
நான்கு மில்லிமீட்டர் வெறுமை விட்டேன்.
கோவை அச்சகத்துக்குக் கோட்டுப்படம் போட்டுக் குறிப்பு எழுதினேன்:
பின் இங்கே. தயவுசெய்து இங்கே.

மேட்டுப்பாளையம் பஸ்ஸில் கட்டு வந்தது,
ஒரு மூலை நனைந்து.
மாடிப்படியிலேயே உட்கார்ந்து பிரித்தேன்.
மூன்று மில்லிமீட்டர் தவறி
'எடைமேடையில்' கடைசி 'ல்'லின் மேல்
இறங்கியிருந்தது பின்.
சரியாகப் புள்ளியில்.
மை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துளை.
எழுத்து இன்னும் மெய்யாகத்தான் இருந்தது.
வேறு பிரதிகளைப் பிரித்துப் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து ஒரு படம் அனுப்பினார்.
லைன் வீட்டுப் பச்சைச் சுவர்.
இரண்டு பின்னையும் கழற்றி
நடுத்தாளை மட்டும் உருவி
சோற்றுப்பசையில் ஒட்டியிருக்கிறார்.
நான்காவது வரி எங்கும் உட்காராமல்
சுவிட்ச் பலகை வரை போகிறது.
அதன் முதுகில்
பதினைந்தாம் பக்கத்துத் தலையங்கமும்
நீச்சல்குளத்தின் இடப்பாதியும்
சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன.
இதைப் போஜராஜனிடம் சொல்லவில்லை.

படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினேன்.
தாள் வலப்பக்கம் அரை விரல் இறங்கி
கோணலாக ஒட்டப்பட்டிருந்தது.

அன்றும் சோறு இறங்கவில்லை.